ஊர்ல தனியா இருக்குற அம்மாவுக்கு பிபி மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி

ஊர்ல இருக்குற அப்பா அம்மாவுக்கு சுகரு பிபின்னா இப்போ புள்ளைங்க முதல்ல செய்யறது ஆன்லைன்ல ஒரு மெஷின் ஆர்டர் போடுறது தான். வாங்கணும், அதுல ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. ஆனா அதுல வர்ற நம்பர யாரு பாக்கப் போறா, எவ்ளோ வந்தா யாருக்கு போன் போகணும்னு பேசி வைக்கலன்னா அந்த மெஷின் சீக்கிரமே பீரோ மேல ஏறிடும். எங்கம்மா மன்னார்குடி பக்கத்துல தனியா இருக்காங்க, எழுபது தாண்டியாச்சு, ரொம்ப வருஷமா சுகர், நான் சென்னை, தம்பி பெங்களூரு. எங்க வீட்டுல சுகர் நான் பாக்கணும், பிபி அவன் பாக்கணும்னு பிரிச்சிக்கிட்டோம். ரெண்டு பேரும் பாத்துக்குவோம்னு விட்டா யாருமே பாக்க மாட்டோம்.

பிபி மெஷின் மணிக்கட்டுல கட்டுறது வேணாம், மேல் கையில சுத்துறதே வாங்குங்க. காபி குடிச்சா அரை மணி நேரம் போகட்டும், அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காரணும், கால் தரையில இருக்கணும், அளக்கும்போது பேசக்கூடாது. ஆஸ்பத்திரில 140/90 வந்தா பிபி ஜாஸ்திம்பாங்க, அந்தக் கணக்கு வீட்டுல அளக்கும்போது 135/85, இத நிறைய பேருக்கு யாரும் சொல்றதில்ல. அம்மா எந்திரிக்கும்போது தலை சுத்துதுன்னாங்க, டாக்டர் உக்காந்து ஒரு தடவ, நின்னு ஒரு நிமிஷம் கழிச்சு ஒரு தடவ, மூணு நிமிஷம் கழிச்சு ஒரு தடவ அளக்கச் சொன்னாரு. நின்னா மேல் நம்பர் 20க்கு மேல இறங்குது. வயசானவங்க விழறதுக்கு இதெல்லாம் பெரிய காரணம், உக்காந்து மட்டும் அளந்துட்டு இருந்தா தெரிஞ்சே இருக்காது.

சுகர் கதை இன்னும் பெருசு. மூணு மாச சராசரி டெஸ்ட் அம்மாவுக்கு எப்பவும் நல்லாவே வரும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா காலைல வேர்த்து போய் எந்திரிக்கிறாங்க, கை நடுங்குதுங்கறாங்க. டாக்டர் ரெண்டு வாரத்துக்கு விடாம சுகர் அளக்குற, கையில ஒட்டுற சென்சார் போட்டுப் பாக்கலாம்னாரு. கிராஃப்ல விடிகாலை 3 மணி வாக்குல கோடு 70க்கு கீழ போகுது. நான் பதறி போன் பண்ணினா அவரு நிதானமா கேட்ட முதல் கேள்வி, அம்மா எந்தப் பக்கம் படுப்பாங்க? சென்சார் இருக்குற கை மேலயே அழுத்திப் படுத்தா பொய்யா கம்மி காட்டுமாம். அது ரத்தத்துல நேரா அளக்குறது இல்ல, தோலுக்கு அடியில இருக்குற நீர்ல அளக்குது, அதனால சுகர் வேகமா ஏறி இறங்கும்போது சில நிமிஷம் பின்னாடி தான் காட்டும். அப்போ அலாரம் அடிச்சா விரல்ல குத்தியும் பாருங்கன்னாரு. குத்திப் பாத்தா 61. நிஜமாவே இறங்குது. ராத்திரி ரெண்டு இட்லி சாப்டுட்டு கிளிமிபிரைட்ங்கற சுகர் இறக்குற மாத்திரை முழுசா போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, சராசரில இந்தப் பள்ளம் தெரியாது. வீடியோ கால்லயே டோஸ குறைச்சாரு, அந்த வேர்வை நின்னுச்சு. இப்போ கட்டில் பக்கத்துல சர்க்கரை டப்பா இருக்கு, 70க்கு கீழ போனா மூணு டீஸ்பூன் கரைச்சு குடிச்சுட்டு 15 நிமிஷத்துல மறுபடி அளக்கணும், அம்மாவுக்கு மனப்பாடம். அந்த சென்சார வருஷம் பூரா ஒட்டிக்கணும்னு இல்ல, விலை ஜாஸ்தி, மருந்து மாத்துறப்ப போட்டா போதும்னு அவரே சொல்லிட்டாரு.

வீடியோல டாக்டர் பாக்குறதுக்கு 2020 மார்ச்ல மத்திய அரசு முறையான விதியே கொண்டு வந்தாச்சு, இ-சஞ்சீவனிங்கற அரசு சேவைல டாக்டர்கிட்ட காசில்லாமலும் பேசலாம். ஆனா கால் மரத்துப் போச்சான்னு போன்ல தொட்டுப் பாக்க முடியாது, கண்ணுல விழித்திரைய பாக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவயாவது அதுக்கு நேர்ல போயே ஆகணும், நாங்க பொங்கலுக்கு போறப்ப முடிச்சிருவோம்.

இதெல்லாத்தையும் விட எனக்கு தைரியம் குடுக்குறது மக்களைத் தேடி மருத்துவம் பொண்ணு தான். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச திட்டம், பிபி சுகர் மாத்திரைய வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து குடுக்குறாங்க. அம்மா அவங்கள பாப்பான்னு தான் கூப்பிடுவாங்க. "பெரியம்மா கால் வீங்கியிருக்கு, நீங்க வாட்ஸப்ல பாத்தீங்களா"ன்னு எனக்கு போன் பண்ணது அவங்க தான், எந்த ஆப்பும் சொல்லல. நம்பர் நல்லா இருக்குன்னு நான் இங்க நிம்மதியா இருந்த நேரம் அது. உங்க அப்பா அம்மா பேரு அந்த லிஸ்ட்ல இருக்கான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுருங்க, நமக்கு வசதி இருக்கேன்னு கூச்சப்பட்டு விட்டுராதீங்க.

தம்பி ஹால்ல கேமரா மாட்டலாம்னான். அம்மா "நான் என்ன நகைக்கடையாடா"ன்னு கேட்டாங்க, அதோட விட்டாச்சு, அவங்க சொல்றது நியாயம். இப்போ விழுந்தா தானா போன் பண்ற வாட்ச் வாங்கலாம்ங்கறான். வாங்கட்டும், ஆனா குளிக்கப் போறப்ப அம்மா கையில ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்க, வழுக்குற இடமும் அது தான். அதனால முதல்ல கொத்தனாரக் கூப்பிட்டு பாத்ரூம்ல ரெண்டு கைப்பிடி போடச் சொல்லியிருக்கேன், சொரசொரப்பான டைல்ஸும் மாத்தணும், அது முடிஞ்சப்புறம் வாட்ச் பாத்துக்கலாம்.