கப்பல் துறைமுகத்தில் கைவினைப் பொருள்: முன்பக்கத்தை நம்பாதீர்கள், திருப்பிப் பாருங்கள்

சொகுசுக் கப்பலை விட்டு இறங்கியதும் முதலில் வரிசை கட்டி நிற்கும் கடைகளில் கைவினைப் பொருள் என்று எதையும் வாங்காதீர்கள். எந்தத் தீவில் இறங்கினாலும் அதே வைரக் கடை, அதே காந்த வில்லை, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த அதே பை. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது. கப்பலில் கொடுக்கும் 'பரிந்துரைக்கப்பட்ட கடைகள்' வரைபடத்தையும் விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இடம்பெறக் கடைகள் பணம் கட்டுவது வழக்கம். துறைமுக வேலியைத் தாண்டி உள்ளே நடந்தால்தான் கையில் ஊசியோ உளியோ வைத்து வேலை செய்பவர்கள் கண்ணில் படுவார்கள்.

பனாமாவின் கோலோன் துறைமுகத்தில் குனா பழங்குடிப் பெண்கள் விற்கும் மோலா துணி இருக்கிறதே, அதற்காகவே அந்த வழியாகப் போகலாம்! பல நிறப் பருத்தித் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் துணியை வெட்டி, வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, அடியில் உள்ள நிறத்தை வெளியே தெரிய வைக்கிறார்கள். நல்ல மோலாவில் நூலும் துணியும் ஒரே நிறமாக இருக்கும். தையல் எங்கே என்று தேட வேண்டும். வளைவில்கூடக் கோட்டின் அகலம் மாறாது. திருப்பினால், முன்பக்க உருவத்தை ஒட்டியே சின்னச் சின்னக் கைத்தையல் ஓடும். இயந்திரத்தின் வளைந்து நெளிந்த தையல் தெரிந்தாலோ, உருவத்தை வெட்டி மேலே ஒட்டியிருந்தாலோ அது அவசரச் சரக்கு. ஓரத்தில் பழைய ஊசித் துளைகளும் கொஞ்சம் வெளுப்பும் இருந்தால் ஒதுக்காதீர்கள். ரவிக்கையில் தைத்து உடுத்தியதைப் பிரித்து விற்கிறார்கள். நான் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

பனாமா தொப்பி பனாமாவுடையது அல்ல, எக்வடோருடையது. அங்கே மாந்தா துறைமுகத்தில் கப்பல் நின்றால் பக்கத்திலேயே இருக்கிறது மோந்தேகிறிஸ்தி என்னும் ஊர். தோக்கியா என்னும் செடியின் ஓலை நாரில் அங்கே பின்னும் தொப்பிதான் உச்சம். இந்தப் பின்னல் கலையை 2012இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தொப்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்பக்கம் பாருங்கள். உச்சியிலிருந்து வட்டம் வட்டமாக வரிகள் தெரியும். புது நார் சேர்த்த இடங்கள் அவை. விளிம்பை வெட்டித் தைக்காமல் நாரையே திருப்பி உள்ளே பின்னி முடித்திருந்தால் உழைப்பு அதிகம், விலையும் அதிகம். எல்லா இழையும் ஒரே நிறத்தில், முறுக்கிய கயிறு மாதிரி இருந்தால் அது காகிதம். ஒரு மழைக்குத் தாங்காது. அசலையும் பெட்டியில் மடித்துத் திணிக்காதீர்கள். நார் காய்ந்தால் மடிப்பில் விரிசல் விடும். தலையில் போட்டுக்கொண்டே கப்பல் ஏறுங்கள்.

துருக்கியின் குஷாதாசியில் கம்பளம் பார்த்தால் குஞ்சத்தைக் கவனியுங்கள். கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தில் பாவு நூலேதான், அதாவது நெடுக்காக ஓடும் நூலேதான், குஞ்சமாக வெளியே வரும். தனியாகத் தைத்திருந்தால் பெரும்பாலும் இயந்திரக் கம்பளம். மெக்சிகோவில் வெள்ளி என்றால் 925 முத்திரை, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்ற அடையாளம், வேண்டும். 'அல்பாக்கா' என்று சொல்லி நீட்டுவதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. அலாஸ்காவில் பழங்குடியினர் கையால் செய்ததற்கு வெள்ளிக் கை முத்திரை உண்டு. கரடிச் சின்னம் அலாஸ்காவில் தயாரானது என்பதை மட்டும்தான் காட்டும். அங்கே வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கியதை அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவை. அது இல்லாமல் கப்பல் கனடாவில் நின்றாலே சிக்கல்தான்.

ஆமை ஓட்டில் செய்த எதையும் தொடாதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். மரச் சிற்பமா? வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துத் தட்டுங்கள். மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இறங்குவதாக இருந்தால் மரம், ஓலை, விதை மாலை எல்லாவற்றையும் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம், பையே காலி. கத்தி வாங்கினால் கப்பல் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு பயணம் முடியும்போதுதான் தருவார்கள்.

பணம். கரீபியனில் பெரும்பாலான இடங்களில் அமெரிக்க டாலர் ஓடும். ஒன்று, ஐந்து, பத்து நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். பெரிய நோட்டை நீட்டினால் மீதி உள்ளூர்ப் பணமாக, அவர்கள் சொல்லும் கணக்கில் வரும். அட்டை தேய்க்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்திலா?' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம், உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மாற்று விகிதத்திலேயே கூடுதலாகப் பிடுங்கிவிடும். இடைத்தரகர் கடையில் தாராளமாகப் பேரம் பேசலாம். செய்தவரிடமே வாங்கும்போது பாதி விலைக்குக் கேட்பது அநியாயம். இரண்டு மூன்று சேர்த்து எடுத்துக் குறைக்கச் சொல்லுங்கள், அவருக்கும் கட்டுப்படியாகும்.

கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே விடுங்கள். உள்ளூர் நேரம் ஒரு மணி முன்பின் இருக்கலாம். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் வேறு. பெரும்பாலும் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும். ரசீதில் பொருள் எதில் செய்தது, செய்தவர் பெயர், ஊர் மூன்றையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.