பச்சை லைட்டுக்கு அப்புறம் 15 செகண்ட்

சி-130 ஹெர்குலிஸ்ங்கற ராணுவ சரக்கு விமானத்துல இருந்து பாராசூட் வீரர்களை எறக்கும்போது விமானம் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகத்துல போகும், அதாவது செகண்டுக்கு கிட்டத்தட்ட 67 மீட்டர். குதிக்க வேண்டிய இடம் ஒரு கிலோமீட்டர் நீளம்னு வெச்சுக்கோங்க, பச்சை லைட் எரிஞ்சதுல இருந்து 15 செகண்ட் தான் டைம். செகண்டுக்கு ஒருத்தர் குதிச்சா ஒரு கதவுக்கு 15 பேர், மிச்ச ஆளுங்களுக்காக எதிரி முழிச்சுக்கிட்ட அப்புறம் இன்னொரு சுத்து வரணும். லைட்டை ரெண்டு செகண்ட் லேட்டா போட்டா கடைசியா குதிச்சவங்க மரத்துல தான் தொங்குவாங்க.

இதை பழகத்தான் அமெரிக்காவோட லூசியானாவுல ஃபோர்ட் போல்க்னு ஒரு ராணுவ பயிற்சித் தளம் இருக்கு. பக்கத்து ஸ்டேட் ஆர்கன்ஸால இருக்கற லிட்டில் ராக் தளத்து சி-130 காரங்க ராத்திரியில நைட் விஷன் போட்டுக்கிட்டு வந்து ஆளையும் சரக்கையும் எறக்குவாங்க, மண் ரன்வேல இன்ஜினை ஆஃப் பண்ணாமலே வண்டியை எறக்கிட்டு பறந்துடுவாங்க. எதிரியா நடிக்கறதுக்குன்னே அங்க 'ஜெரோனிமோ'ன்னு நிரந்தரமா ஒரு பட்டாலியன் இருக்கு, அவங்களுக்கு அந்தக் காடு அத்துப்படி. சி-130ல பழைய எச் மாடல்ல நேவிகேட்டர், ஃபிளைட் இன்ஜினியர் எல்லாம் சேத்து அஞ்சு பேர் இருந்தாங்க, இப்ப ஜே மாடல்ல ரெண்டு பைலட், சரக்கைப் பாத்துக்கற ஒரு லோட்மாஸ்டர் போதும்னு ஆயிடுச்சு, காத்து கணக்கை கம்ப்யூட்டர் போட்டுடும், ஆனா கீழ இருந்து சுடறவனை ரெண்டு ஜோடி கண்ணு தான பாக்கணும்.

என்னைக் கேட்டா பறக்கறதை விட முக்கியம் அதுக்கு முன்னாடி ரூம்ல நடக்கற பிளானிங் தான். ஆர்மி ஒரு நேரம் கேக்கும், ஏர்ஃபோர்ஸ் காத்தைப் பாத்து வேற சொல்லும், இந்த சண்டையை ஒத்திகையிலயே போட்டு முடிச்சுடணும். 1980ல ஈரான்ல பிணைக்கைதியா இருந்த அமெரிக்கர்களை மீட்கப் போனப்ப, பாலைவனத்துல ஏர்ஃபோர்ஸ் விமானம், நேவி ஹெலிகாப்டர், அதை ஓட்டினது மரீன், உள்ள ஆர்மி கமாண்டோ, எல்லாரும் ஒண்ணா சேந்து முழு ஒத்திகை ஒரு தடவை கூட பாக்கல. ஹெலிகாப்டர் போய் நின்னுட்டிருந்த சி-130 மேல மோதி 8 பேர் செத்தாங்க.

நம்ம ஊர்லயும் 2023ல நடந்த கோப் இந்தியா, அதாவது இந்திய-அமெரிக்க விமானப்படை கூட்டுப் பயிற்சியோட முதல் கட்டமே டிரான்ஸ்போர்ட் விமானங்களுக்குத்தான் ஒதுக்கினாங்க. அந்த வருஷம் வந்த அமெரிக்க பி-1 குண்டுவீச்சு விமானத்தைத் தான் எல்லாரும் போட்டோ புடிச்சாங்கன்றது வேற விஷயம்.