சிவப்பு மூடி ஊசி

எங்கள் அடுக்குமாடியில் 12 வீடுகள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மொட்டை மாடியில் நின்றால் சீமைக்கருவேலங்காட்டுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இப்போது ஊருக்கு ஒன்றிரண்டு கட்டடங்கள் இப்படி முளைத்திருக்கின்றன. ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் கதவு எண் வரைக்கும் கண்டுபிடித்துவிடுவார்கள். பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் துபாயிலும் சவுதியிலும் இருக்கிறார்கள். மீதி என்னைப் போன்ற வாடகைக்காரர்கள். சங்கம் என்று ஒன்று உண்டு, மோட்டார் பழுதானால் மட்டும் கூடும். 2024 ஜூனில் அதற்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். டீச்சர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். பேட்டரி வண்டியில் குப்பை வாங்க வரும் அக்கா கீழேயிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர், கொஞ்சம் இறங்கி வாங்க."

சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு பொட்டு ரத்தம். இடது கையில் ஓர் ஊசி. பக்கத்திலேயே அதன் சிவப்பு மூடி கிடந்தது.

"இது யாரு வீட்டு ஊசின்னு தெரியுமா?"

எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் காலையும் மாலையும் இன்சுலின் போடுவது நான்தான். மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. போட்டு முடித்ததும் மூடியை மாட்டி, காலி பால் பாக்கெட்டுக்குள் திணித்து, மக்காத குப்பையில் சேர்த்துவிடுவேன். வருஷக்கணக்கான பழக்கம். அன்றைக்கு மூடி கழன்றிருக்க வேண்டும், அல்லது நான் மாட்டவே இல்லையோ என்னவோ. கட்டடத்தில் இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் மூன்று பேர் உண்டு. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யார் வீட்டுடையது என்று தெரிந்திருக்காது. அந்த நினைப்பு ஒரு நொடி வரத்தான் செய்தது. அப்புறம் "எங்க வீட்டுதுக்கா" என்றேன்.

அக்கா அதற்குள் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பியிருந்தார். அதைச் செய்யக் கூடாது என்று அப்போது எனக்கும் தெரியாது. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, கழுவினீர்களா என்றுதான். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. எச்ஐவி தொற்றுக்கு வாய்ப்பு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பித்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஊசி யாருடையது என்று தெரிந்தால் அவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தெரியாவிட்டால் தலைவலி. அக்காவுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதில்லை. அன்றே முதல் ஊசி போட்டார்கள், டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள்.

அம்மாவை அழைத்துவர நான் திரும்பி ஓடினேன். அம்மாவுக்கு 71 வயது. எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று சொன்னதும், "எனக்கா எய்ட்ஸ் டெஸ்ட்டு?" என்று ஆட்டோவில் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். எந்தச் சோதனையிலும் அம்மாவுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஆறு வாரம், மூன்று மாதம் கழித்து அக்கா மறுபடி வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்து, "படிச்சவங்கதானே நீங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 2016-இல் வந்து அப்போது நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரிப்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஏனென்றால் வண்டியில் இரண்டு நிறத் தொட்டி இருக்கும். அந்த விதியில் இருந்தது மூன்று. மூன்றாவது, வீட்டில் உண்டாகும் அபாயகரக் குப்பை. பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, டியூப்லைட், காலாவதியான மாத்திரை, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், தீர்ந்த பேட்டரி, ஊசி, சிரிஞ்சு எல்லாம் அதில் வந்தன. இதைத் தனியாக வைத்துத் தனியாகக் கொடுப்பது குடியிருப்பவர் வேலை. வாங்கி வைப்பதற்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்று ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் வேலை. எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, சாக்கடையில் போடக் கூடாது என்பதும் அதிலேயே இருந்தது.

எரிப்பதைப் பற்றி எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் ஆகியிருந்தது. இரண்டாம் மாடி காக்கா (இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அபுதாபியிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டி நிறைய பாடி ஸ்பிரே கொண்டுவந்து எல்லா வீட்டுக்கும் கொடுப்பார். காலி டின்கள் குப்பையோடு பின்பக்கக் காலிமனைக்குப் போகும், அங்கே கருவேல முள்ளோடு சேர்த்துக் கொளுத்துவது வழக்கம். ஒரு தடவை டின் வெடித்த வெடிப்பில் காவலாளி தாத்தா கட்டிலிலிருந்து விழுந்தார். அடைத்த டின்னுக்குள் மிச்சமிருக்கும் வாயு சூட்டில் விரிந்தால் வெடிக்காமல் என்ன செய்யும். அதற்குப் பிறகும் கொளுத்துவதை நிறுத்தவில்லை, தாத்தா கட்டிலைத்தான் தள்ளிப் போட்டார்.

சரி, உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர், "எல்லாத்தையும் மக்காததுல போட்டுருங்க டீச்சர், எங்க ஆளுங்க பிரிச்சுக்குவாங்க" என்றார். பிரிக்கிற ஆளுக்குத்தான் ஊசி குத்தியிருக்கிறது என்று சொன்னேன். 20 சதுர கிலோமீட்டர் கணக்கையும் சொன்னேன். அவர் உள்ளே கை காட்டினார், உள்ளே இருந்தவர் மறுநாள் வரச் சொன்னார். மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் துப்புரவு மேஸ்திரி வெளியே டீக்கடையில் அகப்பட்டார், ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. குப்பை தரம் பிரிக்கும் கொட்டகையில் பூட்டுப் போட்ட ஒரு மூலை இருக்கிறதாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை நாங்கள் தனியாகக் கட்டி வைத்தால் வண்டியில் தனியாக ஏற்றிக்கொள்வார்கள். "ஊசிய மட்டும் கவர்ல போடாதீங்க. கெட்டி டப்பால போட்டு, மூடி, டேப் ஒட்டி, மேல ஊசின்னு பெருசா எழுதிக் குடுங்க. முக்காவாசிக்கு மேல அமுக்காதீங்க." பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி மாட்டுவதே தப்பு, மாட்டும்போதுதான் நிறைய பேருக்குக் குத்தும் என்று நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். போட்ட கையோடு நேராக டப்பாவுக்குள் போக வேண்டும். அன்றே அம்மாவின் ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றைக் காலி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டேன். ஒன்பது வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஊசி, பல்பு வரைக்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். நாப்கின், குழந்தை டயப்பர் என்று வரும்போது ஆண்கள் எல்லாம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கே நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. காக்காவின் மனைவி, நாங்கள் லாத்தா என்று கூப்பிடுகிறவர், "என்னங்க இதுல வெக்கம், அந்தப் புள்ள கையால அள்ளுது, அதுக்கு வெக்கம் இல்லையா?" என்று போட்டு உடைத்தார். இது அபாயகரக் குப்பையில் சேராமல், அப்போதைய அந்த விதிப்படி நன்றாகச் சுற்றி மக்காத குப்பையோடு கொடுக்க வேண்டியதாக இருந்தது. சுற்றுவதற்கு உறை தர வேண்டியது தயாரிக்கிற கம்பெனியின் பொறுப்பு என்றும் அதில் இருந்தது. உறை வராத பாக்கெட்டுக்கு நியூஸ்பேப்பர். மேலே சிவப்பு ஸ்கெட்சில் ஒரு பெருக்கல் குறி போடுவது என்று லாத்தாதான் சொன்னார், பிரிக்கிற கை அதைத் திறந்து பார்க்காமல் இருக்க.

காலாவதி மாத்திரையைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவதே நல்லது, யார் கையிலும் படாதே என்றார் மூன்றாம் மாடி சார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பதில் காவலாளி தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் வீடு கடற்கரைப் பக்கம். காவிரிக் குழாயில் தண்ணீர் வராத நாளில் அவர் வீட்டுப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். இந்தப் பக்கம் மணலுக்கடியில் உப்புத் தண்ணீருக்கு மேலே மழைத் தண்ணீர் மெல்லிசாக மிதந்து நிற்கிறது, கொஞ்சம் ஆழம் தோண்டிவிட்டாலே உப்பு வந்துவிடும். "உங்க தொட்டித் தண்ணி எங்க போகுதுன்னு நெனைக்கிறீங்க?" என்றார். எங்கள் செப்டிக் தொட்டி நிறைந்து வண்டி கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லாம் மணலுக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

படிக்கட்டு விளக்குக்கான இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போய் மீட்டர் அறையில் கிடந்தது. 50 கிலோவுக்கு மேல் கனம். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து தூக்கிப் பார்த்து ஒரு விலை சொன்னார். புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதற்குக் கழிப்பதாகச் சொன்ன தொகையைவிட அது 500 ரூபாய் அதிகம். சங்கக் கணக்கில் 500 ரூபாய் என்பது சண்டைக்குரிய தொகை. இரும்புக் கடையில் என்ன செய்வார்கள் என்று போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் கோடாலியால் பெட்டியைப் பிளந்து, அமிலத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டு, ஈயத் தகடுகளை உருவிக்கொண்டிருந்தான் ஒரு பையன். காலில் ரப்பர் செருப்பு. அங்கே நின்று அவனோடு நான் எதுவும் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, விற்பனைக் கடை வழியாக அது போய்ச் சேரும். நம் பங்கு, மற்றக் குப்பையோடு கலக்காமல் அந்த வழியில் கொடுப்பது. கடையில் மாற்றினோம், பில்லில் பழையதை வாங்கிக்கொண்டதாக எழுதி வாங்கினேன். தூக்கும்போது நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்று சொல்லியும் ஆட்டோவில் சாய்ந்துவிட்டது. ஆட்டோக்காரரின் சீட்டில் இன்றைக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது, சீட்டுக்குப் பணம் கொடுத்தோம். அந்த 500 ரூபாயை ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதே மீட்டர் அறையில் கட்டடம் கட்டியதிலிருந்து சேர்ந்த டியூப்லைட்டுகள் 37, சிஎஃப்எல் ஒரு சாக்கு. எல்லாவற்றுக்குள்ளும் துளியூண்டு பாதரசம். ஒரு சிஎஃப்எல்லில் சில மில்லிகிராம்தான், ஆனால் உடைந்தால் ஆவியாக மூச்சில் போகும். இரண்டு பேராக எடுத்துக் கட்டும்போது ஒன்று உடைந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைத் திறந்து போட்டுக் கால் மணி நேரம் நின்றோம். கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, அடித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் பறக்கும் என்பதால் கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டால் கண்ணாடியை வாரி, மிச்சத் தூளை டேப்பால் ஒற்றி எடுத்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடினேன். உடையாதவற்றை நியூஸ்பேப்பரில் சுருட்டி, டிவி வந்த அட்டைப்பெட்டியில் நிறுத்தி வைத்தோம். மின்னணுக் கழிவுக்கான 2022 விதிகளில் இந்த விளக்குகளும் அடங்கும், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போய்ச் சேர வேண்டும். அப்படி ஒருவர் நம் ஊர் வரைக்கும் வர ஒரு லாரி லோடாவது சேர வேண்டும் என்றார் மேஸ்திரி. எங்கள் விளக்குகளும் இப்போது கொட்டகையில் பூட்டுக்குள் லாரிக்காகக் காத்திருக்கின்றன.

பெயிண்ட் டப்பாதான் சுலபம். உப்புக் காற்றுக்குக் கம்பியெல்லாம் துருப்பிடிப்பதால் எங்களுக்குப் பெயிண்ட் வேலை ஓயாது. அடியில் மிஞ்சிய பெயிண்ட்டில் மணலைக் கொட்டிக் கிளறி வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் கட்டியாகிவிடுகிறது, ஒழுகாது. மணலுக்கு இங்கே பஞ்சமில்லை.

முதல் சனிக்கிழமை நான்கு வீடுதான் கொடுத்தது. அடுத்த மாதம் ஒன்பது. மூன்றாம் மாடி சார் இன்னும் மாத்திரையை என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. பூட்டியிருக்கும் வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பினார்கள்.

நவம்பர் கடைசியில், வாடை அடித்து மழை தூறிக்கொண்டிருந்த காலையில், அக்கா கீழேயிருந்து கூப்பிட்டார். கையில் ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை. இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை.

"ஒண்ணுமில்லையாம் டீச்சர்."

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அவர் மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சாச்சுல்ல? அந்த ஹார்லிக்ஸ் டப்பாவைக் குடுங்க, இன்னைக்குச் சனிக்கிழமை இல்லதான், ஆனா மேஸ்திரி அந்தப் பக்கம்தான் போறாரு."