பால் கேன் கொக்கிகள்: ஒரு டிவிஎஸ் 50 நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, குரோம்பேட்டை

ஆடிப்பெருக்கு நாளான இன்று, ஊரிலிருந்து குட்டியானையில் ஏற்றிவிட்ட அப்பாவின் டிவிஎஸ் 50 வீடு வந்து சேர்ந்தது. 1988-இல் வாங்கிய வண்டி. பதினாறு ஆண்டுகளாக மாட்டுக்கொட்டகையின் மூலையில் நின்றதில் டயர்கள் வெடித்து, சங்கிலி ஒரே துருக்கட்டியாகி, சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. கார் ஷெட்டில் பழைய பாயை விரித்து அதன்மேல் நிறுத்தினேன்.

ஓசூரில் 1980-இல் இந்த மொபெட் முதன்முதலாக வெளிவந்தபோது, இருவர் அமர்ந்து செல்லலாம் என்பதே அதன் பெருமையாக இருந்தது. எங்கள் வண்டியில் இரண்டாம் ஆளுக்கு இடமே இருந்ததில்லை. பின்னிருக்கை இருக்க வேண்டிய இடத்தில் கேரியரை முடுக்கி, பட்டை இரும்பை வளைத்து இருபுறமும் கொக்கிகள் பற்றவைத்து, பக்கத்துக்கு ஒன்றாக 20 லிட்டர் கேன்களை மாட்டிக்கொண்டு அப்பா விடிவதற்கு முன்பே டீக்கடைகளுக்குப் பால் ஊற்றக் கிளம்பிவிடுவார். கேன் கைப்பிடி உராய்ந்து உராய்ந்து கொக்கியின் உள்வளைவு மட்டும் தேய்ந்து, வாழைநாரின் வழவழப்போடு இருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் துரு ஏறவில்லை.

தாழ்ந்த கைப்பிடி, ஒற்றை இருக்கை, பளபளக்கும் சைலன்சர் என்று இணையத்தில் பார்த்த ஐரோப்பிய மொபெட்டுகளைப் போலவே இதையும் மாற்றிவிட வேண்டும் என்று ஆறு மாதமாகப் படம் வரைந்து வைத்திருந்தேன். கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகு அந்தத் தாள்களை அலமாரியில் வைத்துவிட்டேன். தொலைபேசியில் அப்பாவும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "என்ன வேணா பண்ணுப்பா, கேரியரை மட்டும் கழட்டிக் கடாசிடாதே."

9 ஆகஸ்ட், சனி

பிளக் துளையில் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்த டீசலும் ஆயிலும் பலன் தந்தன. பெடலை மெல்ல அழுத்தியதும் பிஸ்டன் அசைந்தது. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேன். சுவரில் ஆழமான கீறல் இல்லை. ஆனால் புகை வெளியேறும் துளை பாதிக்கும் மேல் கரியால் அடைபட்டிருந்தது. அப்பா இதை ஓட்டிய கடைசி ஆண்டுகளில் "மேடு ஏற மாட்டேங்குது" என்று சொன்னதற்குக் காரணம் வயதல்ல, இந்த அடைப்புதான் என்பது என் கணிப்பு. மூங்கில் குச்சியைச் சீவி அதைக் கொண்டே சுரண்டினேன். இரும்பு திருப்புளியால் சுரண்டினால் துளையின் விளிம்பில் பிசிறு உண்டாகி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைப் பதம் பார்த்துவிடும்.

16 ஆகஸ்ட், சனி

எழும்பூரில் இறங்கி, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்கு நடந்தேன். பிஸ்டன் ரிங்குகள், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீல்கள், பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் செட், கண்டென்சர் எல்லாம் நான்கு கடைகளில் கிடைத்தன. ஒரு கடையில் பெரிய சிலிண்டரைக் காட்டி, "இதைப் போடுங்க சார், பறக்கும்" என்றார்கள். மறுத்துவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், அதையொட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கின்றன. அதைவிட எனக்கு முக்கியமான காரணம் வேறு. 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதிலேயே உரிமம் கிடைக்கும் என்பதால், என் முதல் உரிமத்தை இந்த வண்டியில் ஓட்டிக் காட்டித்தான் வாங்கினேன். அந்த 50 என்ற எண் இதன் பெயரிலேயே இருக்கிறது.

திரும்பும் வழியில், ஸ்டாண்டு போட்ட மொபெட் ஒன்றின் எஞ்சினாலேயே சாணைக்கல்லைச் சுழலவைத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்த ஒருவரை வெகுநேரம் நின்று பார்த்தேன். தண்ணீர்ப் பஞ்ச காலங்களில் இதே சென்னையில் எட்டுக் குடங்களைச் சுற்றிலும் தொங்கவிட்டு ஓடிய மொபெட்டுகளும் நினைவுக்கு வந்தன. மொபெட்டைத் தன் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் கலை நம் ஊரில் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துளைகளின் வழியே மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்க் அறையே ஒரு பம்பாக வேலை செய்கிறது. அதன் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். கழற்றிய சீல்கள் இரண்டும் அப்பளம்போல் விறைத்து நொறுங்கின. புதியவற்றின் உதட்டில் ஆயில் தடவி, அளவான சாக்கெட்டை மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினேன்.

பழைய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அளந்தபோது அதன் இரு முனைகளுக்கும் இடையிலான வாய் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியது, புதியதில் 0.2 மட்டுமே. பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் கடுகளவு ஊசி ஒன்று நிற்கிறது. ரிங்கின் இரண்டு முனைகளும் அதை அணைத்தபடி உட்கார வேண்டும். பிசகினால் ரிங் சுழன்று, அதன் முனை துளையில் மாட்டி உடையும். மூன்று முறை கழற்றிப் பார்த்த பிறகே சிலிண்டரை இறக்கினேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று முழுவதும் பாயிண்டோடு போயிற்று. பாயிண்டை மூடியிருக்கும் காந்தச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. கிராங்க் முனையே கெட்டுவிடும் என்பதால் அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை வாங்கியிருந்தேன். புதுப் பாயிண்டை வைத்து, முழுதாகத் திறந்த நிலையில் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். பிறகு மிட்டாய் சுற்றிய மெல்லிய தாளைப் பாயிண்டின் இரு முகங்களுக்கும் இடையில் செருகி, ஒரு கையால் அதை லேசாக இழுத்துப் பிடித்தபடி, மறு கையால் சக்கரத்தை இம்மி இம்மியாகத் திருப்பினேன். பாயிண்ட் திறக்கும் கணத்தில் தாள் தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் சக்கரத்தின் கோடும் கேசிங்கின் கோடும் நேருக்கு நேர் நின்றால் பொறி சரியான நேரத்தில் விழும். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் நின்றன. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

டேங்கில் சிறு கூழாங்கற்களையும் சோப்புத் தண்ணீரையும் போட்டுக் குலுக்கியதில் கொட்டியது செம்மண் குழம்பு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்தக் காலத்து ரப்பரையும் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் அதைத் தாங்கும் ரகமாக மாற்றினேன். வாரக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கை வடித்துவிட வேண்டும் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

13 செப்டம்பர், சனி

உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, அதன்மேல் பதிவுச் சான்றிதழில் உள்ள அதே நீலம். கேரியருக்கும் கொக்கிகளுக்கும் பெயிண்ட் இல்லை. துருவைத் துடைத்து எண்ணெய் மட்டும் தடவினேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்றி, ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தேன். ஒன்பதாவது மிதியில் ஒரு வெடிப்பு, பிறகு அமைதி. பதினான்காவது மிதியில் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க வெண்புகை. தொலைபேசியைச் சைலன்சர் பக்கம் காட்டினேன். மறுமுனையில் அப்பா எதுவும் பேசவில்லை, அணைக்கவும் சொல்லவில்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. நேற்றே வந்துவிட்ட அப்பா, ஸ்பேனர்களுக்கும் கொக்கிகளுக்கும் தாமே சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு, யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துத் தெருக்கோடி வரை போய் வந்தார். கேன் இல்லாததால் பின்பக்கம் எடையின்றி ஆடுகிறது என்றும், "ஆக்சிலேட்டரை விட்டதும் இறங்க மாட்டேங்குது, காத்து இழுக்குது பாரு" என்றும் சொன்னார்.

பிற்பகலில் 12 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை, இப்போதைய பெட்ரோலைப் போதிய அளவு தருவதில்லை. சீல்களைச் சோப்பு நுரை வைத்துச் சோதித்தேன், கசிவு இல்லை. நாளை கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி ஊசியை உயர்த்தி, பெட்ரோலைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் வெளுத்தால் அடுத்த அளவு ஜெட். அப்பா சனிக்கிழமை வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.