அஞ்சு வருசத்துக்கு எடுத்த கடை: கையில் இருப்பது குத்தகைதானா?

இலங்கையின் ஏ9 வீதியோரம் கடை எடுப்பவர்கள் பலர் அஞ்சு வருசத்துக்கென்று முற்பணம் கொடுத்து, முத்திரை ஒட்டிய தாளில் ஒப்பமிட்டு, சமாதான நீதவானிடம் சீலும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் அஞ்சு வருசக் குத்தகை ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கிராம அலுவலரின் ஒப்பமும் இந்தக் குறையை நிரப்பாது.

சொந்தக்காரர் கடையைக் கையளித்து மாதாமாதம் வாடகை வாங்கிவந்தால், கடை எடுத்த நீங்கள் வெறும் மாத வாடகைக்காரர். வாடகைச் சட்டம் காக்காத இடமென்றால் ஒரு மாத அறிவித்தலோடு எழுப்பிவிடலாம். அஞ்சு வருசத்தை நம்பிப் பதித்த மாபிளும் அடித்த தட்டுகளும் அங்கேயே நின்றுவிடும். பெரிய அநியாயம் இது, ஆனால் தவிர்க்கக்கூடியது.

குத்தகையா இல்லையா என்பதற்குத் தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது முடிவல்ல. எந்த இடம், எவ்வளவு வாடகை, எவ்வளவு காலம் என்பதில் உடன்பாடு வேண்டும். அந்த இடம் எடுத்தவரின் தனிக் கைவசத்துக்கு வரவேண்டும். வாடகை காசாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, வயலுக்கு விளைச்சலில் ஒரு பங்கும் வாடகைதான். (நெற்காணிக்குக் கமநலச் சட்டம் தனியாக உண்டு; கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.)

வெளிநாட்டில் இருப்பவர் தன் வளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வாடகை வாங்காமல் ஒருவரைக் குடியிருத்தினால் அது குத்தகை இல்லை, வெறும் அனுமதி. அனுமதியில் வந்தவர் தந்தவரின் உரித்தை மறுக்க முடியாதென்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் பத்து வருசத்துக்குப் பிறகு, நெடுநாள் இருந்ததால் காணி தனதென்று ஆட்சியுரிமை கேட்டு வழக்கு வருவதுண்டு. அனுமதியை எழுத்தில் வையுங்கள்.

குத்தகை உறுதி எழுதும்போது நில அளவைப் படத்தின் இலக்கம், நான்கு எல்லை, தொடங்கும் முடியும் திகதிகள், முற்பணம் எப்போது திரும்பும், திருத்த வேலை யார் செலவு என்பதெல்லாம் வரவேண்டும். எழுதியதும் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதியாமல் விட்டால், அதே கடையைப் பிறகு பெறுமதி கொடுத்து எடுத்து முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை.

வன்னியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: காணி பெர்மிற்றா, அதாவது அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்ததா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை அனுமதிப்பத்திரக்காரர் நினைத்தபடி குத்தகைக்கு விட முடியாது. காசு கைமாறுவதற்கு முன் பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேளுங்கள்.