சர்டிபிகேட்டிலும் கிறிஸ்தவள்

எங்கள் ஊர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிற எத்தனையோ பேரின் சாதிச் சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்றுதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். பைபிள் வாசித்தேன், உபவாசம் இருந்தேன், பாடல் குழுவில் பாடினேன். ஞானஸ்நானம் என்று பேச்சு வந்தால் மட்டும் வயிற்றைப் பிசையும். அந்தப் பயத்தோடு இப்போது இருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் எஸ்சி, அதாவது பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறிஸ்தவரானால், மாறி எத்தனை தலைமுறை ஆகியிருந்தாலும், பிசி, அதாவது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். இடஒதுக்கீட்டில் எஸ்சிக்கு 18 சதவீதம், பிசிக்கு 26.5 சதவீதம் என்றதும் பிசிதான் லாபம் என்று தோன்றும். அந்த 26.5-க்குள் நிலபுலன், படிப்பு, பணம் என்று பல தலைமுறையாக முன்னே போய்விட்ட சாதிகளும் இருக்கின்றன. குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, கட் ஆஃபில் அது எத்தனை கேள்வி வித்தியாசம் என்று மனப்பாடமாகத் தெரியும்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர். “ஏசப்பாவ கும்புடு, யாரு வேணாம்னா? பேப்பர்ல எதுக்குடி மாத்துற? மனசுல இருந்தா பத்தாதா?” என்பார். சித்தி வேறு மாதிரி கேட்டார்: “இனிமே ஸ்டெல்லா, மேரின்னு பேரு வெச்சுக்குவியா?” பேரை நான் மாற்றவில்லை. அப்பா வைத்த பேர், ஆண்டவர் அந்தப் பேரில்தான் என்னைக் கூப்பிட்டார்.

பாஸ்டர் ஐயா ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. “சர்டிபிகேட்ட மாத்தினாத்தான் ரட்சிப்புன்னு வேதத்துல எங்கயும் இல்லம்மா. கோபுரம் கட்டுறவன் உக்காந்து செலவைக் கணக்குப் பாக்கணும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. நீயும் உக்காந்து கணக்குப் பாரு” என்றார். நான் நிஜமாகவே ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் கட் ஆஃப், வயசு, அம்மாவின் உடம்பு, தங்கையின் படிப்பு. இன்னொரு பக்கம் எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தின் கடைசியில் உறுதிமொழி வரும், மேலே கொடுத்த தகவலெல்லாம் உண்மை என்று. மதம் என்ற இடத்தில் ‘இந்து’ என்று போட்டுவிட்டு அதற்கும் டிக் அடிக்க வேண்டும். சனிக்கிழமை இரவு அந்த டிக், ஞாயிறு காலை “இயேசுவே என் ஆண்டவர்” என்று சாட்சி. எனக்குச் சமாதானமே இல்லை.

அந்த நாட்களில் நிக்கொதேமுவைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். யோவான் சுவிசேஷம் 3-ம் அதிகாரத்தில் யாருக்கும் தெரியாமல் இரவில் இயேசுவிடம் வந்தவர், 19-ல் ஏறக்குறைய நூறு ராத்தல் வாசனைத் திரவியத்தைச் சுமந்துகொண்டு சிலுவையில் அறையப்பட்டவரின் உடலை அடக்கம் பண்ண வருகிறார். அவ்வளவு எடையை ஒளித்து எடுத்துக்கொண்டு வர முடியாது. இரவில் வந்தபோது ஆண்டவர் அவரைத் திட்டவில்லை என்பதும் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஞானஸ்நானம் ஒரு மோட்டார் கொட்டகைத் தொட்டியில் நடந்தது. சபை விசுவாசி ஒருவரின் கழனி. காலையிலேயே தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். தொட்டியின் பக்கச் சுவரெல்லாம் பாசி. இறங்கும்போது கால் வழுக்கியது, ஐயா முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுவரை தண்ணீர், அப்படி ஒரு குளிர். பல் தந்தியடித்தது குளிராலா பயத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. ரோட்டில் இரண்டு பைக்குகள் நின்றன. ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். ராத்திரிக்குள் ஊர் முழுக்க அந்த வீடியோ போகும் என்று தெரியும். என் சித்தப்பா வரப்பிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிட்டவும் வரவில்லை, போகவும் இல்லை. “இயேசு கிறிஸ்துவை உன் சொந்த ரட்சகராக விசுவாசிக்கிறாயா?” என்று ஐயா கேட்டார். “விசுவாசிக்கிறேன்” என்ற என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், இந்தத் தடவை வரப்புக்கும் கேட்கும்படி.

பேப்பர் வேலை அப்புறம்தான். 2002-ல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பிறகு திரும்பப் பெறப்பட்டது. அதனால் தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் எடுக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. வேறு பல மாநிலங்களில் இருக்கிறவர்களின் பாடு இதைவிடப் பெரிது, அவர்களுக்காக ஜெபியுங்கள். சபை கொடுத்த ஞானஸ்நானச் சான்று, நோட்டரி முன் பிரமாண வாக்குமூலம், அரசிதழ் அறிவிப்பு, பழைய சான்றிதழ், டிசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். இ-சேவைக்கான கேன் என்ற பதிவு நம்பர் போட்டு, சாதிப் பிரிவு வந்ததும் அங்கே இருந்த தங்கச்சி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “அக்கா, எஸ்சில இருந்து பிசிக்கா? எல்லாரும் எஸ்சி பக்கம் போக முடியாதான்னுதானே கேப்பாங்க?” என்றாள். ஆமாம்மா, போடு என்றேன். விஏஓ விசாரணைக்கு வந்தார். வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) கூப்பிட்டு, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை சார் என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் சரி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தொட்டியிலிருந்து ஏறி வந்த என்னை எங்கள் ஊர் அதே தெருக்காரியாகத்தான் பார்க்கிறது. சாதி தண்ணீரில் கரையவில்லை. சபைகளுக்குள்ளேயே அது இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைக்கூடச் சாதிச் சுவர் வைத்துப் பிரித்தார்கள். அதை நினைத்தால் இன்னும் கண்ணீர் வருகிறது. பட்ட இழிவு அப்படியே இருக்க, அதற்கான உரிமையை மட்டும் பிடுங்கிக்கொள்வது அநியாயம். 2023-ல் தமிழ்நாடு சட்டமன்றமே இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதனால், பழைய சான்றிதழோடு இருக்கிற விசுவாசிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீடுகளில் அடுப்பு எரிவது எப்படி என்று எனக்குத் தெரியும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் எடுத்துச் சபைக்குப் போய்க்கொண்டே எஸ்சி சலுகை கேட்பது அரசியல் சாசனத்துக்கே செய்யும் மோசடி என்று ஒரு புதுச்சேரி வழக்கில் சொன்னபோது எங்கள் சபையில் பல முகங்கள் வாடிப்போயின.

நான் இப்போது பிசி என்றே விண்ணப்பிக்கிறேன். ரிசல்ட் வருகிற நாட்களில் அம்மா என்னோடு அதிகம் பேசுவதில்லை. அந்த மௌனம் கட் ஆஃபைவிட வலிக்கிறது. பயமும் போய்விடவில்லை. ஆனால் உறுதிமொழியில் டிக் அடிக்கும்போது கை தயங்குவதில்லை.

உங்களில் யாராவது இதற்குத் தயாராகிறீர்கள் என்றால் சில காரியம். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை, ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்களுக்கும் உண்டு; மாறினால் படிப்பே நின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஏற்கெனவே எஸ்சி இடத்தில் படிப்பிலோ வேலையிலோ இருந்தால் முதலில் நல்ல வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வீட்டில் ஒளிக்காமல் சொல்லுங்கள், ஊர் வீடியோ வழியாக அவர்களுக்குத் தெரிய வேண்டாம். தொட்டியில் இறங்கும்போது பாஸ்டரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பாசி ரொம்ப வழுக்கும்.