ரூபுனூனியில் எறும்புத்தின்னியும் மரவள்ளி அடையும்

கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து குட்டி விமானத்தில் லெத்தம் போய் இறங்கினால், தக்குட்டு ஆற்றுக்கு அக்கரை பிரேசில். இக்கரையில் கண்ணுக்கெட்டியவரை ரூபுனூனி புல்வெளி. செம்மண் ரோடு, கரையான் புற்றுகள், மாட்டுப் பண்ணைகள். மே முதல் ஆகஸ்ட் வரை மழையில் பாதி வெளி ஏரியாகிவிடும். வறண்ட மாதங்களில் போவதே உத்தமம்.

பெரும்பாலோர் வருவது ராட்சத எறும்புத்தின்னிக்காக. விடியுமுன் கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் அது வாலைப் போர்த்திக்கொண்டு புதரில் படுத்துவிடும். குதிரையேறி மாடு மேய்ப்பவர்களை ஏவி, அதை ஜீப் பக்கம் விரட்டிவரச் சொல்லும் வழக்கமும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. மக்கூஷி பழங்குடியைச் சேர்ந்த எங்கள் வழிகாட்டியும் விரட்டக்கூடாது என்பவர். அதற்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை என்பதால், காற்று எங்களை நோக்கி வீசும் பக்கமாக நிறுத்திவைத்தார். நகங்களை உள்ளே மடக்கி, விரல்முட்டியை ஊன்றி நடந்து வந்தது. புற்றைக் கீறி நாக்கை விட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்த புற்றுக்குப் போய்விட்டது. சிப்பாய்க் கரையான்கள் திரளுமுன் நகர்ந்துவிடுமாம்.

வடக்கே புல்வெளி முடிந்து இவோக்ரமா மழைக்காடு தொடங்குகிறது. சுமார் 3,71,000 ஹெக்டேர். 1989 காமன்வெல்த் மாநாட்டில் கயானாவின் அன்றைய அதிபர் டெஸ்மண்ட் ஹாய்ட் உலக நன்மைக்கென்று தர முன்வந்த காடு. 30 மீட்டர் உயரத் தொங்குபாலத்தில் நின்றால் ஊளைக்குரங்குகளின் இரைச்சல் காதைப் பிளக்கும். ஜாகுவார் ஆசை காட்டுவார்கள். எங்களுக்குக் காலடித் தடம்தான் கிட்டியது.

ஆனால் என்னைக் கேட்டால், காட்டோரத்து சுராமா கிராமத்தின் அடுப்படிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இங்குள்ள மரவள்ளியை நம் சேலத்து மரவள்ளி மாதிரி வேகவைத்து அப்படியே தின்ன முடியாது. இது கசப்பு ரகம், சயனைடு நஞ்சு அதிகம். துருவி, மட்டாப்பி என்ற நீண்ட பின்னல் குழாயில் திணித்து உத்தரத்தில் மாட்டுகிறார்கள். கீழ் வளையத்தில் கம்பைச் செருகி அதன்மேல் உட்கார்ந்தால் குழாய் நீண்டு இறுகி, சாறு சொட்டும். அந்த வீட்டுப் பாட்டி என்னையும் உட்காரச் சொன்னார். சாறு தாரையாக ஓடியது. பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சாற்றை நெடுநேரம் காய்ச்சினால் நஞ்சு போய், காசரீப் என்ற கறுப்புப் பாகு. பெப்பர்பாட் குழம்புக்கு உயிரே அதுதான். பிழிந்த மாவைச் சலித்து இரும்புக்கல்லில் பரப்பினால் அடை.

சுராமா விடுதி கிராமத்தாருக்கே சொந்தம். சாயங்காலம் பராக்காரி தருவார்கள், மரவள்ளி அடையைப் புளிக்கவைத்த கள். மறுநாள் விடியலில் நடக்க வேண்டுமானால் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.